தாளையடி போகும் வழியில் மிதந்த குழாய்

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் என்றொரு ஊர் இருக்கிறது. குமரிக்காரர்கள் உரிமை கொண்டாட வேண்டாம். இது கடலும் மணலும் பனையுமாக ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூர். அதைத் தாண்டித் தாளையடிக்குப் போகும் வீதியில், தை பிறந்த புதிதில் ஒரு காலை நேரம், ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். வீதியோரம் வெட்டியிருந்த நீளமான பள்ளத்தில் கருப்புப் பாலிதீன் குழாய் ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

"இப்பதான் இறக்கப்போறாங்களா தம்பி?" என்று ஓட்டோக்காரரிடம் கேட்டேன்.

"இல்லை அண்ணை, நேற்றே இறக்கினது. மழைக்கு எழும்பிட்டுது."

பள்ளத்தின் கரையில் ரப்பர் சப்பாத்தோடு நின்ற மேற்பார்வையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் முகத்தில் கோபத்தைவிடச் சலிப்புதான் அதிகம். "பின்னேரம் போட்டு, முழங்கால் உயரத்துக்கு மண்ணும் தள்ளினது. மிச்சத்தைக் காலமை மூடுவம் எண்டு விட்டுட்டுப் போனம். ராத்திரி அடிச்ச மழையைப் பாருங்கோ. உள்ளுக்கு ஊத்தை போகக்கூடாது எண்டு ரெண்டு தலைப்பையும் அடைச்சு வைச்சது. காத்து நிறைஞ்ச பைப் கிடக்குமே? தண்ணியை நிரப்பி விட்டிருந்தா அசைஞ்சிராது."

மண் பொறியியலில் சில காலம் வேலை பார்த்தவன் நான். பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்த ஒன்று கண்முன் நடந்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் நகர மனம் வரும்? தாளையடிக் கடல் ஓடிப்போய்விடாது என்று அங்கேயே நின்றுவிட்டேன். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்து, தண்ணீரை இறைத்து, குழாயை மறுபடி அடியில் கிடத்தி, மண் தள்ளும் வரை நின்றேன்.

குழாயைப் புதைக்கிறவர் பயப்பட வேண்டியது மேலேயிருந்து லாரி ஏறி நசுக்குவதற்கு என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். யாழ்ப்பாணம் போன்ற நிலத்தில் பயம் அடியிலிருந்து வருகிறது. நிலத்தடி நீர் மேலே நிற்கும் ஊரில் காலிக் குழாய் என்பது மண்ணுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு படகு. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு மீட்டர் குறுக்களவுள்ள குழாயை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு மீட்டர் நீளமும் தண்ணீரில் முழுகினால் சுமார் 785 கிலோ தண்ணீரை விலக்குகிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி அவ்வளவு எடை அதை மேலே தள்ளும். தடித்த பாலிதீன் குழாயின் சொந்த எடை மீட்டருக்கு 165 கிலோ அளவில் இருக்கும். கழித்துப் பார்த்தால், ஒவ்வொரு மீட்டரையும் 620 கிலோ விசை இரவும் பகலும் மேலே உந்திக்கொண்டே இருக்கிறது. யார் அதைப் பிடித்து வைப்பது?

மேலே கிடக்கும் மண்தான். வேறு யாரும் இல்லை. ஆனால் அந்த மண்ணும் தண்ணீருக்குள் கிடக்கிறது, ஆகவே அதற்கும் எடை குறைந்துவிடுகிறது. காய்ந்த மணல் ஒரு கன மீட்டர் 1,600 கிலோ நிறுக்கும். அதுவே நிலத்தடி நீரில் முழுகிக் கிடந்தால் அடியில் இருப்பதன் மீது அழுத்தும் எடை 1,000 கிலோவுக்கு இறங்கிவிடும். குழாய்க்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு மண் போட்டிருந்தால், நேர் மேலே நிற்கும் மண்ணின் எடை 1,100 கிலோ வரும். குழாய் அடங்கிக் கிடக்கும். முப்பது சென்டிமீட்டர் மட்டும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் 400 கிலோதான் வரும். மழை ஊறினால் குழாய் எழும்பிவிடும். முழங்கால் உயர மண்ணும் ராத்திரி மழையும் செய்த வேலை இதுதான். அதிலும் அது தளர்வாகத் தள்ளிய மண்.

இங்கே நின்றுவிட்டால் விஷயம் வெறும் நிறுவைக் கணக்காகிவிடும். மண் தன் எடையால் மட்டும் தடுப்பதில்லை. கைதடியில் நான் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்வளவில் அந்த வாரம் பனம்பாத்தி கிண்டினார்கள். புரட்டாசி ஐப்பசியில் மணலைக் குவித்துப் பனங்கொட்டை அடுக்கிய பாத்தி, தையில் கிழங்கு விட்டு நிற்கிறது. அலவாங்கு எடுக்காமல் வெறும் கையால் ஒன்றை இழுத்துப் பார்த்தேன். கிழங்கு வருவதற்கு முன், அதைச் சுற்றிய மணல் வட்டமாக வெடித்து, ஒரு கட்டியாக அதனோடு கிளம்பப் பார்த்தது. "ஆட்டாமல் இழுக்காதேங்கோ தம்பி, முறிஞ்சு போம்" என்றார் அந்த வீட்டு அம்மா. கிழங்கின் கனம் எவ்வளவு இருக்கும், நூறு கிராமா? கை உணர்ந்த கனமோ பல மடங்கு. மண்ணுக்குள் கிடக்கும் குழாயும் அப்படித்தான் எழும்ப வேண்டியிருக்கிறது: தனக்கு மேலிருக்கும் மணலைத் தூக்கிக்கொண்டு, அந்த மணலுக்கும் பக்கத்து மணலுக்கும் நடுவே உள்ள உராய்வை அறுத்துக்கொண்டு.

அந்த உராய்வைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். நன்றாக இறுக்கிய மணலில் அது மேல்மண்ணின் எடைக்கே கிட்டத்தட்ட நிகராக வந்து நிற்கக்கூடும். ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் மேல்மண்ணின் எடை ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஆகும். உராய்வு நான்கு மடங்காகும். ஏனென்றால் உராயும் பக்கச்சுவரின் உயரமும் இரட்டிக்கிறது, அதை நெருக்கும் அழுத்தமும் இரட்டிக்கிறது. குழாய்ப் பள்ளத்தை இன்னும் ஒரு முழம் ஆழமாக வெட்டச் சொல்லும் பொறியாளரை ஒப்பந்தக்காரர்கள் ஏன் திட்டுகிறார்கள் என்பதும், அவர் ஏன் விட்டுக்கொடுப்பதில்லை என்பதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

இறுகிய மணலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. அன்று மத்தியானம் தாளையடிக் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தபோதே பார்த்தேன். அலை இப்போதுதான் வடிந்த ஈர மணலில் கால் வைத்தால், பாதத்தைச் சுற்றி ஒரு கணம் மணல் வெளுத்துக் காய்ந்ததுபோல் ஆகிறது. மிதித்தால் தண்ணீர் பிதுங்கி மேலே வரவேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. நெருக்கமாகப் படிந்த மணிகள் அசைய வேண்டுமானால் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் அசைய முடியும். ஏறும்போது இடைவெளி பெருகுகிறது; மேல் தண்ணீர் அந்த இடைவெளிக்குள் உறிஞ்சப்படுகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் எழுதி விளக்கியது இதைத்தான். குழாய் மேலே வர முயலும்போதும் இறுகிய மணல் இப்படி விரிகிறது. விரிய இடமில்லாததால் பக்கத்து மண்ணை நெருக்குகிறது, எழும்பும் மண்கட்டி மேலே போகப் போக அகன்ற ஆப்பு வடிவம் எடுக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மால்கம் போல்ட்டனும் கூட்டாளிகளும் கண்ணாடிப் பெட்டியில் மணலை நிரப்பி, குழாயை இழுத்து, அடுத்தடுத்துப் படம் எடுத்து மணிகளின் நகர்வை அளந்து இந்த ஆப்பைக் காட்டினார்கள். 2008இல் அந்த ஆய்வு வெளிவந்தது. தளர்ந்த மணலில் கதை வேறு. அங்கே மேல்மண் கட்டியாகக் கிளம்பாமல், குழாயின் இரு பக்கமும் வழிந்து அடியில் போய் நிரம்பிக்கொள்கிறது. குழாய் மணலை நீந்திக் கடந்து வருகிறது என்றே சொல்லலாம். ஆகவே மண்ணைத் தள்ளினால் போதாது, அடுக்கடுக்காக இடித்து இறுக்க வேண்டும். அன்று காலை அந்த மேற்பார்வையாளர் தன் ஆட்களிடம் திரும்பத் திரும்பக் கத்தியது அதைத்தான்: "இடியுங்கோ! சும்மா தள்ளாதேங்கோ!"

இவ்வளவு எதிர்ப்பும் கிளம்ப, குழாய் எவ்வளவு நகர வேண்டும் தெரியுமா? இறுகிய மணலில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு சென்டிமீட்டர், பெரும்பாலும் அதற்கும் குறைவு. அந்த ஒரு விரற்கடைக்குள் மண் தன் முழு பலத்தையும் காட்டிவிடும். அதற்கு மேலும் குழாய் நகர்ந்தால் பலம் குறையத் தொடங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடி நீர் இப்படி மேலே நிற்பதற்குக் காரணம் அதன் உடம்பே அப்படி. அடியில் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல், ஓட்டையும் வெடிப்பும் குகையுமாக. மேலே வலிகாமத்தில் செம்மண், இந்தக் கிழக்குக் கரையில் மணல். வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று மழைக்கு மட்டும் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டுகிற மழை கல்லுக்குள் இறங்கி, உள்ளே ஏற்கெனவே ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி 1,000 என்றால் கடல்நீர் 1,025. இந்தச் சிறு வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் நாற்பது அடி நன்னீர் தேங்கியிருக்கும். டச்சு இராணுவப் பொறியாளர் பாடன் கைபனும் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவை ஒட்டித் தனித்தனியே கண்ட விதி அது. அதை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும்: கிணற்றில் ஓர் அடி கூடுதலாக இறைத்து மட்டத்தைத் தாழ்த்தினால், அடியில் உப்புநீர் நாற்பது அடி எழும்பப் பார்க்கும். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் துலாவும் பட்டையுமாக இறைத்த காலத்தில் இந்த எல்லை தானாகக் காக்கப்பட்டது. இறைக்கும் மிசின் வந்தபிறகு கரையோரக் கிணறுகள் பல சவர் ஆகிவிட்டன.

புத்தூரை அடுத்த நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. இராமர் தாகம் தீர்க்க அம்பு எய்து உண்டாக்கியது என்பார்கள். அங்கே போட்ட எலுமிச்சை கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்பார்கள். எலுமிச்சையைப் பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு என்பது அளந்து பார்த்த உண்மை. எட்டிப் பார்த்தபோது பச்சை கலந்த நீலத்தில் தண்ணீர் அசையாமல் நின்றது. இந்த ஊரில் நல்ல தண்ணீரே மிதந்துகொண்டிருக்கும் ஒரு பொருள்தான், குழாய் மிதந்ததில் என்ன வியப்பு என்று எனக்குத் தோன்றியது அங்கேதான்.

கிணறுகள் போதாமல் போனதும், சுன்னாகத்துச் சுற்றுப்புறத்தில் 2014, 2015இல் கிணறுகளில் எண்ணெய் கலந்து பெரும் வழக்காக இலங்கையின் உச்ச நீதிமன்றம் வரை போனதும், வெளியிலிருந்து தண்ணீர் வேண்டும் என்ற பேச்சை வலுவாக்கின. அந்தப் பேச்சு புதிதல்ல. 1950களிலேயே பொறியாளர் ஆறுமுகம் ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முல்லியான் வாய்க்கால் வழியே வடமராட்சிப் பக்கம் திருப்பி, யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தருவோம் என்று திட்டம் போட்டார். அது முழுமையடையவில்லை. 2010க்குப் பிறகு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு இரணைமடுக் குளத்து நீரைக் குழாயில் கொண்டுவர முனைந்தார்கள். கிளிநொச்சி விவசாயிகள் எங்கள் வயலுக்கே போதாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசியில் கடலைக் குடிப்பது என்று முடிவாகி, தாளையடியில் நாளொன்றுக்கு 2 கோடியே 40 லட்சம் லிட்டர் நன்னீராக்கும் ஆலை 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மீஞ்சூர் 2010லும் நெம்மேலி 2013லும் வந்துவிட்ட சென்னையிலிருந்து போகிறவனுக்கு ஆலை அதிசயமில்லை. அதற்குப் பின்னால் மண்ணுக்குள் ஓடும் குழாய்கள்தான் எனக்கு அதிசயம். நாகர்கோவில், முகமாலை, கிளாலி என்று போர்க்காலத்தில் முன்னரங்கு ஓடிய பகுதி இது. இங்கே ஒரு மண்வெட்டி இறக்குவதற்கு முன், அடியில் மிதிவெடி இல்லை என்று யாராவது முழந்தாளிட்டுத் துழாவிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆலைக்குள் போக நான் கேட்கவும் இல்லை. வெளியே கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் பேசினேன். கழிவாகத் திரும்பும் அடர் உப்புநீர் மீனை விரட்டிவிடும் என்று திட்டம் வந்த நாளிலிருந்து மீனவர்கள் எதிர்த்தது அவர்களுக்கு இன்னும் ஆறாத விஷயம். "தண்ணி அவையளுக்கு, உப்பு எங்களுக்கு" என்றார் மூத்தவர். அந்த உப்புநீர் சாதாரணக் கடல்நீரைவிடக் கனம் கூடியது. விட்ட இடத்தில் அடித்தரையை ஒட்டிப் படரும். ஆகவேதான் வெளியேற்றும் குழாயின் வாயில் வேகமாகப் பீய்ச்சிக் கலக்கவிடுகிறார்கள். கலப்பது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதைத் தொடர்ந்து அளந்து, அந்தக் கணக்கை அந்த மீனவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கடலுக்குள் போகும் பாலிதீன் குழாய்க்கு இன்னொரு வேடிக்கை உண்டு. உள்ளே நல்ல தண்ணீரை நிரப்பி வைத்தாலும் அது கடலில் மிதக்கும். பாலிதீன் தண்ணீரைவிட இலேசு, நல்ல தண்ணீர் கடல்நீரைவிட இலேசு, இரண்டும் சேர்ந்தாலும் முழுகப் போதாது. இப்படிப்பட்ட குழாய்களுக்கு உலகெங்கும் குறிப்பிட்ட இடைவெளியில் கான்கிரீட் பாரங்களை மாட்டி, மிதக்கவிட்டு இழுத்துச் சென்று, தண்ணீர் நிரப்பி மெல்ல மெல்லத் தாழ்த்துவார்கள். நிலத்தில் மண் செய்யும் வேலையை அங்கே கான்கிரீட் செய்கிறது.

மணலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். குடாநாட்டில் சேறும் உண்டு. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தில் வேலணைப் பக்கம் போனால் இருபுறமும் ஆழமில்லாத கடல்நீரேரி. அதில் களங்கட்டி வலைக்கு நட்ட தடிகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று பழைய தடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் பிடித்துச் சுற்றி, முன்னும் பின்னும் ஆட்டி, சற்றுப் பொறுத்துப் பிறகுதான் தூக்கினார். வேகமாக இழுத்தால் வராது என்பது அவர் அனுபவம். சேற்றில் துகள்கள் மிக நுண்ணியவை. அடியில் வெற்றிடம் உண்டாகும்போது தண்ணீர் ஓடிவந்து நிரப்ப நேரம் எடுக்கும். அந்த நேரம் வரை உறிஞ்சுவிசை கீழே பிடித்து இழுக்கும். பொறுத்து இழுத்தால் தண்ணீர் வந்து சேர்ந்துவிடும், பிடி தளர்ந்துவிடும். புதைத்த குழாய்க்கு இது ஆபத்தான செய்தி. வேகமாக வரும் விசைக்குச் சேறு நல்ல காவல். பல மாதம் விடாமல் தள்ளும் மிதப்பு விசைக்கு அந்தக் காவல் நிலைக்காது. அதற்கு மேல்மண்ணின் எடையும் பலமும்தான் கணக்கு.

சேற்றை நம்பிக் கெட்ட இடத்துக்குப் பிரேசில் சாட்சி. ரியோ டி ஜெனிரோவின் குவானபாரா விரிகுடாவில் 2000 ஜனவரியில், மென்சேற்றில் கிடந்த எண்ணெய்க் குழாய் ஒன்று வளைந்து கிழிந்து சுமார் 13 லட்சம் லிட்டர் எண்ணெய் கடலில் கலந்தது. அதில் ஓடியது சூடான கனரக எண்ணெய். சூட்டில் இரும்பு நீளும். இரு முனையும் கட்டுண்டு கிடக்கும்போது நீள இடமில்லாமல் குழாயின் உடலில் அதை நீளவாட்டில் நெருக்கும் விசை ஏறும். எங்கே மண்ணின் பிடி குறைவோ அங்கே அது வளைந்து வெளியே வரும். அங்கே பக்கவாட்டில் வளைந்தது. நன்றாகப் புதைத்த குழாயில் பக்கங்கள் இறுகியிருப்பதால் பெரும்பாலும் மேல்நோக்கித்தான் வளையும். வடகடல் எண்ணெய் வயல்களில் இது பெரிய தலைவலி. குழாய் மேலே தூக்கிய மறுகணமே மணல் அடியில் சரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் நின்று குழாய் குளிர்ந்தாலும் பழைய இடத்துக்கு இறங்க முடியாது. அடுத்த முறை சூடேறும்போது இன்னும் கொஞ்சம். இப்படி நிறுத்தி ஓட்டி நிறுத்தி ஓட்டியே ஒரு குழாய் கடலடியைப் பிளந்துகொண்டு வெளியே தலைகாட்டிவிட முடியும். 2023 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து வெளியிட்ட தொலைநோக்கு ஆவணத்தில், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குப் பெட்ரோலியப் பொருட்களுக்கான குழாய்வழி அமைப்பது பற்றி ஆராய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்றைக்காவது அது வந்தால், இந்தப் பக்கத்துக் கடலடி மணலும் சேறும்தான் அதைப் பிடித்து வைக்க வேண்டியிருக்கும்.

புதைத்தது மேலெழும்புவதன் உச்சத்தை நிலநடுக்கத்தில் பார்க்கலாம். தண்ணீர் ஊறிய தளர்ந்த மணலைக் குலுக்கினால் மணிகள் ஒன்றையொன்று விட்டுவிடும்; மண் சில நிமிடங்களுக்குக் கூழாகிவிடும். பிடிப்பார் இல்லாததால் அடியில் புதைத்த காலியான எல்லாம் மேலே வரும். ஜப்பானின் நீகாத்தாவில் 1964இல் கழிவுநீர்த் தொட்டிகள் இப்படி எழும்பின. அதே பகுதியில் 2004இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆள்நுழைவுக் குழிகள் வீதிக்கு மேலே தூண்கள்போல நீட்டிக்கொண்டு நின்றன. யாழ்ப்பாணத்துக்கு அப்படிப்பட்ட நடுக்கம் வழக்கமில்லை. இங்கே மண்ணை அசைப்பது காற்றும் கடலும் மனிதரும்.

காற்று என்ன செய்யும் என்பதை இந்தக் கரையில் உள்ள மணற்காடு என்னும் ஊரில் பார்க்கலாம். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் மணல்மேடுகள். அவற்றின் நடுவே பழைய புனித அந்தோனியார் கோயிலின் சுவர்கள் பாதி புதைந்து நிற்கின்றன. வாடைக் காற்றுக்கும் சோளகத்துக்கும் இடையே மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன என்று அங்கே ஆடு மேய்த்த பெரியவர் சொன்னார். போன வருஷம் தான் உட்கார்ந்த சுவர் இப்போது கண்ணில் இல்லையாம். ஒரு கோயிலை மூடக்கூடிய காற்று ஒரு குழாயைத் திறக்கவும் கூடும். இந்தக் கரையில் எந்தக் குழாயைப் புதைத்தாலும், புதைத்த அன்று மேலே இருந்த மண் பத்து வருஷம் கழித்தும் இருக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. இதே கடற்கரை 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை ஏறி வந்த இடம் என்பதையும் மறக்கக் கூடாது.

கடல் என்ன செய்யும் என்பதற்கு நமக்கு எண்ணூர் போதும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் பக்கம் கடலடி அமோனியாக் குழாயில் கசிவு ஏற்பட்டு, கண் எரிந்து மூச்சுத் திணறி மக்கள் இரவோடிரவாக வெளியே ஓடினார்கள். சில வாரங்களுக்கு முன் வீசிய மிக்ஜாம் புயலின் அலைகளில், குழாய்க்குக் காவலாகச் சுற்றிப் போட்டிருந்த கருங்கற்கள் இடம்பெயர்ந்து அதைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு அமைத்த நிபுணர் குழு கருதியது. மேலே போட்ட காவல் கலைந்ததும் குழாய் அநாதையாகிவிட்டது.

மனிதர் செய்வது இவை இரண்டையும்விட மோசம். குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என்று இந்தக் கரை நெடுகத் திருட்டு மணல் அள்ளுவது ஊரறிந்த செய்தி. உள்ளூர்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும், மறியலும் நடக்கும், பிறகு மறுபடி டிப்பர் ஓடும். மணல்மேடு என்பது மழைநீரைத் தாங்கி, அடியில் உப்பை அழுத்தி வைக்கும் பாரம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: குடிநீர்க் குழாயைப் பிடித்து வைத்திருக்கும் பாரமும் அந்த மணல்தான். முப்பது சென்டிமீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று மேலே கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு மூன்று டிராக்டர் மணல்தான் அந்த வித்தியாசம். அள்ளியவருக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை குழாய்க்கும் ஒன்றும் ஆகாது. ஒரு மார்கழியில், பழுது பார்க்க என்று தண்ணீரை வடித்துக் குழாயைக் காலியாக வைக்கும் அந்த ஒரு நாளில்தான் அது எழும்பும், இணைப்புகள் விடும், தாளையடியில் பெரும் மின்செலவில் பிழிந்தெடுத்த தண்ணீர் மணலுக்குள்ளேயே போகும்.

தமிழ்நாட்டிலும் பாலாற்றில், கொள்ளிடத்தில், தாமிரபரணியில் ஆற்று மணலுக்குள் குடிநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. ஆகவே இது இரு கரைக்காரர்களுக்கும் பொதுவான வேண்டுகோள். உங்கள் ஊரில் குழாய் போகும் தடத்தில் நட்டிருக்கும் அடையாளக் கல் எங்கே என்று ஒருமுறை பார்த்து வையுங்கள். அதன் மேலிருந்து மண் எடுப்பவர் யாராக இருந்தாலும் தடுத்துக் கேளுங்கள். மழையில் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் குடிநீர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். யாழ்ப்பாணத்தில் அந்தக் கடிதம் போக வேண்டிய இடம் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை; நம் பக்கத்தில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம்.